பெருக்காத தோப்பு

அண்ணாச்சி,
மேக்கரைத் தோப்புக்கு நீங்க வந்த அன்னைக்குச்
செருப்பு நுனியால ஒரு வாழைத்தண்டைப் புரட்டிப் பாத்திய.
அழுகல். புழு. கூடவே ஒரு வாடை.
"பாட்டத்துக்கு விட்டா இப்படியா போட்டு வப்பே, உலகம்மா?
தூத்துப் பெருக்க ஆளில்லையா?"
வண்டி போயிட்டு.
பதில் என் வாயிலயே நின்னுட்டு.

மூணு வருசம் பெருக்கினேன்.
கொடை நாளுக் கோயில் முத்தம் கணக்கா,
தென்னைக்கு அடியில ஒரு சருகு கெடக்காது.
கோகோ பூத்துது, அண்ணாச்சி,
தண்டு முழுக்க மூக்குத்திக் கல்லா.
பூத்து மறுநாளே உதுந்துது.
மரத்துக்கு ஏழு காய்,
அதுலயும் அணிலுக்குப் பங்கு.

நாலாம் வருசம் எனக்குக் காய்ச்சல்.
மோட்டார் ரூமுக்குப் பின்னால தண்டைச் சுமந்து கொட்ட ஏலாம
வெட்டின இடத்துலயே போட்டுட்டேன்.
அந்த மூலை மரத்துல மட்டும்
எண்ணி முப்பத்தெட்டு.
விடியக்காலம் டார்ச் அடிச்சுப் பாத்தேன்.
கடுகைப் பொளந்தா பாதி வருமே, அம்புட்டுப் பொடி ஈ
அழுகல்ல இருந்து எந்திரிச்சுப்
பூவுக்குள்ள போயிட்டு வருது.
தேனீ நுழைய முடியாத வாசல் அது.

அன்னையில இருந்து பெருக்கல.

பச்சைக் கொட்டையா அள்ளிட்டுப் போறவன்
சொன்னதுதான் விலையா இருந்துது.
நாங்க அஞ்சு வீடு சேந்து
பழைய பலாக் கதவை அறுத்துப் பெட்டி அடிச்சோம்.
முதல் பெட்டி ஆடிச் சாரல்ல பூசணம் பிடிச்சுது.
மாடத்தி தோடு அடகுக்குப் போச்சு.
அவ ஒண்ணும் சொல்லல,
அதுதான் எனக்கு உறைச்சுது.

இப்ப யாவாரி பாக்குவெட்டியோட வாரான்.
அம்பது கொட்டையைப் பொளந்து வரிசையா வப்பான்,
கத்திரிப்பூ நிறம் இருந்தா காசைக் குறைப்பான்.
போன தடவை அம்பதுல மூணு.
தோடு திரும்பிட்டு.

தேங்கா உங்களுக்கு, ஊடுபயிர் எனக்குன்னு பேச்சு.
இப்ப அதுலயும் பாதின்னு
கணக்கப்பிள்ளையை அனுப்பியிருக்கிய.
கேளுங்க, தப்பில்ல.
முதல்ல இந்தக் குப்பையில பாதி எடுத்துக்கிடுங்க,
காய்ச்சல்ல பாதி,
பூசணத்துல பாதி.
ஈயை எப்படிப் பிரிக்கன்னு
கணக்கப்பிள்ளைக்கே தெரியல.

இருங்க,
சாக்குக்கு அடியில கை வச்சேன்.
சுடுது, புள்ள நெத்தி மாதிரி. காடி வாடை ஏறிட்டு.
இப்பக் கிண்டாட்டா
அஞ்சு வீட்டுக் கொட்டையும் போயிரும்.