தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம்

குடும்ப நீதிமன்றக் கடிதத்தின்படி
எங்கள் கல்யாணம் முந்நூற்று இருபத்தொரு மாதம்.
பிரேமர்ஹாஃபனில் அன்றும் கடல்காற்று
அடுக்களை ஜன்னலைத் தள்ளிக்கொண்டிருந்தது.
கோட்டைக் கழற்றாமல்
நின்றபடியே படித்தேன்.

இந்த நாட்டில் உழைத்த காலம்
முதுமைக்குப் புள்ளியாகச் சேரும்.
சராசரிச் சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு ஒன்று.
பிரியும்போது இருவர் புள்ளிக்கும் நடுவே
கோடு போடுவார்கள்.
யார் யாரை விட்டுப் போனது என்று கேட்கமாட்டார்கள்.

ஃபோல்கெர்ட்: 31.4862.
நான்: 13.2074.
இத்தனை வருஷத்தில் ஒருவரை ஒருவர்
இவ்வளவு நுணுக்கமாக நாங்கள் பார்த்ததில்லை.

அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான்.
ஜனவரி இரவுகளில் நாற்பது மீட்டர் உயரத்தில்
கண்ணாடித் தரைக்குக் கீழே கப்பல் ஆடும் என்பான்.
நான் அங்கே ஏறியதில்லை.
ஏணிக்கு எத்தனை படி என்று கேட்டதுமில்லை.
இனி அதில் பாதிப் படி என் பெயரில்.

என்னுடையதில் பாதி அவனுக்கு.
அடுமனையில் ஐந்தரை மணிக்கு ஷட்டரைத் தூக்கிய
அரைநாள் வேலையில் அரை.
அதுகூடப் பரவாயில்லை.

இம்கே பிறந்த பின் மூன்று வருஷம்
பிள்ளை வளர்த்ததற்காக எனக்கு
மூன்று புள்ளி வைத்திருந்தது அரசாங்கம்.
அதிலும் பாதி.

வக்கீல் ஓல்ட்மான்ஸுக்குப் போன் போட்டேன்.
"விதி அப்படி" என்றாள்.
"கூட்டிக் கழித்தால் உங்களுக்குத்தானே லாபம்?"
லாபம்தான்.
காதுவலியில் இம்கே வீறிட்ட இரவுகளில்
தோளில் போட்டுக்கொண்டு நடைபாதையில் நடந்தேன்,
குளியலறை வரை பதினோரு எட்டு, திரும்பப் பதினோரு எட்டு.
காலை ஷிஃப்ட் என்று அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.
திரும்பிப் படுத்தவனுக்கு ஒன்றரைப் புள்ளி.

பாத்திரம் கழுவும்போது தோன்றியது:
திரும்பிய அந்த முதுகைத்தான்
எனக்குப் பதினைந்தே முக்காலாக எழுதியிருக்கிறார்கள்.
சரிபாதி என்பது இதுதான் போலிருக்கிறது.

வக்கீல் இன்னொன்றும் சொன்னாள்.
ஓய்வூதியம் வாங்கத் தொடங்கி
மூன்று வருஷம் முடியுமுன் நான் செத்தால்
அவனுடையது முழுதாய் அவனுக்கே திரும்புமாம்.
மனு போட்டால்தான்.
ஃபோல்கெர்ட் எங்கே மனு போடப் போகிறான்!
வரி, காப்பீடு, இம்கேயின் பள்ளிச் சேர்க்கை,
எல்லாப் படிவமும் என் கையெழுத்து.
இதையும் நிரப்பி
தேதியை மட்டும் விட்டு அனுப்பிவைக்கலாமா
என்று நிஜமாகவே ஒரு நிமிஷம் யோசித்தேன்.

கணக்கு முழு மாதங்களில்தான் ஓடுகிறது.
கல்யாணம் மே இருபத்தேழு.
அவர்களுக்கு மே ஒன்று.
அந்த இருபத்தாறு நாளில் ஒரு மாலை
வேண்டாம் என்று சொல்லிவிட
தொலைபேசிக் கூண்டு வரை போனேன்.
சில்லறை இல்லை.
அந்த மாலையும் திருமண காலம்.

பிறகு அவன் கேரவனில் தனியே கிடந்த
பதினான்கு மாதம். அதுவும் திருமண காலம்.

மனு அவன் கையில் சேர்ந்தது பிப்ரவரி ஒன்பதாம் தேதி.
கணக்கு ஜனவரி கடைசியோடு நின்றுவிடுகிறது.

ஆறாம் தேதி சனிக்கிழமை வீட்டில் ஹீட்டர் நின்றுபோக
நான்தான் கூப்பிட்டேன்.
கருவிப்பெட்டியோடு வந்தான்.
தபால் கிளம்பிவிட்டது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.
முழங்காலிட்டு ஏதோ வால்வைத் திருகினான்,
குழாய்களுக்குள் தண்ணீர் இருமிற்று,
வீடு மெல்லச் சூடேறியது.

கற்கண்டு போட்டு அதன்மேல் தேநீர் ஊற்றினேன்.
அது விரிசல் விடும் சத்தத்துக்கு
இருவரும் பழக்கதோஷத்தில் பேச்சை நிறுத்தினோம்.
"இன்னொரு கப்?" என்றேன்.
கடிகாரத்தைப் பார்த்துவிட்டு
கப்பை நீட்டினான்.