லைன்மேன்

யூஜின் பத்றோஸ் நினைவுச் சுழற்கோப்பை,
பதினொன்றாம் ஆண்டு.
ஒலிபெருக்கிக்காரன் மறுபடியும் அந்தக் கதையை எடுக்கிறான்:
எண்பத்தொன்பது, இறுதியாட்டம், கடைசி நிமிடம்,
வள்ளவிளைக் கிறிசாந்து அடித்த பந்தை
அந்தரத்தில் வைத்துப் பறித்தானாம் நம்ம பத்றோஸ்.
போன வருஷம் ஒரு கையால் பிடித்தான்.
இந்த வருஷம் இரண்டு விரல் போதுமாகிவிட்டது.

விருந்தினர் வரிசையில் மூன்றாவது நாற்காலி எனக்கு.
சட்டையில் காகிதப் பூ.
அன்றைய நடுவர் இறந்துபோனார்.
பத்றோஸ் மஞ்சள்காமாலையில் போனான்.
கிறிசாந்து சுறா பிடிக்க ஆழ்கடல் போனவன்,
வள்ளம் மட்டும் யாரோ இழுத்துக்கொண்டு வந்தார்கள்.
மிச்சம் நான்,
கடலோரக் கோட்டில் சிவப்புக் கொடியோடு நின்றவன்.

பந்து உள்ளே போயிருந்தது.

முழக்கணக்கில் எல்லாம் இல்லை,
ஒரு சாளை மீனின் அகலம்.
சுண்ணாம்புக் கோட்டுக்கும் பந்தின் முதுகுக்கும் நடுவே
ஈர மணல் தெரிந்தது.
நடுவர் என்னைப் பார்த்தார்.
நான் கடலைப் பார்த்தேன்.

ஏன்?
உள்ளூர்க் கூட்டம் நாலாயிரம், நான் வெளியூர்,
மார்த்தாண்டத்துக்குக் கடைசி பஸ் ஒன்பது மணிக்கு.
அது ஒரு காரணம்.
இன்னொன்றைச் சொன்னால் சிரிப்பார்கள்.
அவன் பாய்ந்தான்.
உடைந்த விரல்கள் இரண்டையும் சேர்த்துத் துணி சுற்றிய கையோடு
அந்தக் கம்பத்திலிருந்து இந்தக் கம்பம் வரை
ஒரு உடம்பு மண்ணைத் தொடாமல் போனதை
அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை,
பிறகும் இல்லை.
அதைப் பொய்யாக்க
ஒரு துண்டுத் துணியைத் தூக்கினால் போதும்.
தூக்க முடியவில்லை.

கிறிசாந்து ஓடிவந்தான். அடிப்பான் என்று நினைத்தேன்.
"என்ன சாரே" என்றான்,
அவ்வளவுதான்.
நீரோடி முதல் குளச்சல் வரை அந்த ஒரு சீசனில்
இருபத்தாறு கோல் அடித்தவன்.
எழுதி வைத்தவர் யாருமில்லை.
அடிக்காத ஒன்றை மட்டும்
வருஷா வருஷம் மைக் வைத்துச் சொல்கிறார்கள்.

தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு விடியலில்
ஏலக்கூட்டத்துக்குள் என் தோளைப் பிடித்தான் பத்றோஸ்.
"சாரே, அது உள்ள போச்சுல்லா?"
"அறிஞ்சுகூடா" என்றேன்.
"எனக்கு அறியும்.
முட்டு முழுக்கச் சுண்ணாம்பு ஒட்டியிருந்து,
பந்து அதுக்கும் அங்க கெடந்து."
ஒரு துண்டு நெய்மீனை என் பையில் போட்டான்,
காசு வாங்கவில்லை.
வீட்டில் எல்லோரும் சாப்பிட்டார்கள்.
நான் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

அந்த மைதானத்தைக் கடல் எடுத்துக்கொண்டது.
முதலில் கார்னர் கொடி நட்ட மூலை,
பிறகு ஒரு ஆடி மாதத்தில் கோல் கம்பங்கள்.
தூண்டில் வளைவுப் பாறைகளுக்கு வெளியே
எங்கோ கிடக்கிறது அந்தக் கோடு.
அலை கரையில் ஒரு கோடு போடுகிறது,
அடுத்த அலை வேறு இடத்தில் போடுகிறது.
கேஸ் நடத்த முடியாது.

இது பள்ளிக்கூட மைதானம், ரோட்டோரம்.
வள்ளவிளை அணியில் பத்தாம் எண் பையன்
கிறிசாந்துவுக்குப் பேரன் என்கிறார்கள்.
பந்தை நெஞ்சில் நிறுத்தும்போது
அதே மாதிரி இடது தோள் இறங்குகிறது.
யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

"மறைந்த நம் வீரர்களுக்காக ஒரு நிமிட மௌனம்."
பெயர்கள் வாசிக்கிறார்கள். எல்லாம் இந்த ஊர்ப் பெயர்கள்.
தலை குனிந்து நிற்கிறது கூட்டம்.
கோயில் கோபுரத்தில் ஒரு காகம் மட்டும் அடங்கவில்லை.
என் வலது கை
என்னைக் கேட்காமல் எழுந்தது,
முழங்கை மடங்காமல், நேராக,
அன்று பழக்கியிருந்தபடியே.

எத்தனை வினாடி என்று தெரியவில்லை.

விழாக்கமிட்டிப் பையன் ஒருவன் பார்த்துவிட்டு
குனிந்தபடி ஓடிவந்தான்.
"சோடாவா மாமா?"
வாங்கிக் குடித்தேன்.