கட்டுக்கோப்பான பொய்

இரவு மூன்றேகால். போன் அலறுகிறது.
ஐம்பத்திரண்டு. கீழ்நோக்கி ஓர் அம்பு.
பொனாரியாவின் மேல்கையில்
நாணயமளவு ஒட்டியிருக்கும் சென்சார்
சுவருக்கு இந்தப் பக்கம் என்னை எழுப்புகிறது,
அவளை எழுப்புவதில்லை.
ஆரஞ்சுச் சாற்றில் குழலைச் செருகி
உதட்டில் வைத்தால் உறிஞ்சுவாள்
கண் திறக்காமல், கன்றுக்குட்டி மாதிரி.
பிறகு பதினைந்து நிமிஷம்.
சமையலறை நாற்காலியில்
அது மக்கொமேரிலிருந்து கடல் வரை நீளம்.

பாலாடைக்கட்டி ஆலையில்
நான் உப்பறைக்காரி.
எந்தக் கட்டிக்கு எத்தனை நாள் உப்பு,
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
சர்க்கரைதான் பிடிபடவில்லை.
அதே ரொட்டி, அதே ஊசி, அதே எட்டு மணி.
நேற்று நூற்றுப்பத்து.
இன்று முந்நூற்று ஆறு.

முந்நூறைத் தாண்டினால் அவள் வேறு பிள்ளை.
கதவை உதைப்பாள். பென்சிலை ஒடிப்பாள்.
என்னை யாருக்கும் பிடிக்காது என்பாள்.
அறுபதுக்குக் கீழே இன்னொருத்தி,
சாந்தமாக,
பூனையைக் காட்டி ஜன்னல் என்பாள்,
என்னை டீச்சர் என்பாள்.
நடுவில் வருகிறவள்தான் என் மகள் என்றால்
ஒரு நாளில் எத்தனை மணி நேரம்
எனக்கு மகள் இருக்கிறாள்?

நான்கு வயதில் ஒருமுறை வலிப்பு.
ஐந்து நிமிஷம் இருக்கும்.
ஆறு என்கிறார் என் கணவர்.
அந்த ஒரு நிமிஷத்துக்காக
இன்னும் சண்டை போடுகிறோம்.
அது எதையாவது எடுத்துக்கொண்டு போனதா என்று
இருவரும் கேட்டதில்லை.

கால்யாரிக்கு ரயிலில் போனோம்.
டாக்டர் கொஸ்ஸு கேட்டார்:
"தலைகீழாகச் சொல் பார்ப்போம்.
ஏழு, இரண்டு, ஒன்பது."
ஒன்பது, இரண்டு, ஏழு.
நான்கு எண்கள். சொன்னாள்.
ஐந்தில் மூன்றாவதைத் தொலைத்துவிட்டு
கூரையில் தேடினாள்.
நானும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன்.
எனக்கு நாலிலேயே அறுந்தது.

"நூறு பிள்ளைகளைச் சேர்த்து அளந்தால்
சின்ன வித்தியாசம் தெரியலாம்.
ஒரு பிள்ளையை உட்காரவைத்து
இது சர்க்கரை, இது அவள் என்று பிரிக்க
என்னிடம் கத்தி இல்லை, அம்மா.
ஏற்ற இறக்கத்தைக் குறையுங்கள்."
திரும்பும்போது ஏரியில் பூநாரைகளை எண்ணினாள்.
நாற்பத்தொன்று என்றாள்.
சரிபார்ப்பதற்குள் ரயில் திரும்பிவிட்டது.

போன ஞாயிறு
பக்கத்து வீட்டு பக்கீசியோவின் முதல் நற்கருணை விருந்து.
எண்ணெயில் பொரித்து, மேலே தேன் வடியும் செபாதா.
நாலு மணிக்கு இருநூற்று எழுபத்தொன்று,
மேல்நோக்கி இரண்டு அம்பு.
என்ன சாப்பிட்டாய்?
ஒன்றுமில்லை.
விரலில் என்ன?
பக்கீசியோ கையைப் பிடித்து இழுத்தான், அவன் கைத் தேன்.
உன் தட்டு எங்கே?
நாய்க்கு அதில்தான் எலும்பு வைத்தேன்.
சென்சார் பொய் சொல்கிறதா?
நேற்றுதானே மாற்றினோம்,
முதல் நாள் அது உளறும் என்று
நீதானே சொன்னாய்.
விரலைக் குத்திப் பார்க்கலாமா?
பார். ஆனால் தேன் இருக்கிறதே,
கூடுதலாகத்தான் காட்டும்.

சோப்புப் போட்டுக் கழுவிக் குத்தினேன்.
இருநூற்று அறுபத்தெட்டு.
திட்டினேன். ஊசி போட்டேன். மறுபடி திட்டினேன்.
கதவை உதைத்தாள்.

இரவு படுக்கையில் அந்தப் பொய்யை எடுத்துப் பார்த்தேன்.
தேன், பக்கீசியோவின் கை, நாய், எலும்பு, சென்சாரின் முதல் நாள்.
ஒன்றின் வாலை ஒன்று கவ்வியிருந்தது.
முன்கூட்டியே விரலைத் தேனில் தோய்த்திருக்கிறாள், கள்ளி.
தலைகீழாகச் சொல்லிப் பார்த்தேன்.
எனக்கு மறுபடி நாலில் அறுந்தது.
இருநூற்று எழுபத்தொன்றில் நின்றுகொண்டு
அவள் ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

பக்கத்தில் உலுக்கினேன். "அவள் அங்கேயும் இருக்கிறாள்" என்றேன்.
"எங்கே?" என்றார் என் கணவர், தூக்கத்தில்.
போனைப் பார்த்தேன்.
நூற்று முப்பத்தாறு. படுத்திருக்கும் அம்பு.
நாளைக்கும் திட்டத்தான் போகிறேன்.