வலப்பக்கத் தகடு

துப்பாக்கி என்னிடம் இல்லை.
இதை முதலில் எழுதிவிடுகிறேன்,
படிக்கிறவர் எழுந்து போய் வாசலை எட்டிப் பார்க்க வேண்டாம்.

இருப்பது ஒரு பிடியின் வலப்பக்கத் தகடு.
கறுப்பு. என் உள்ளங்கையை விடக் குட்டை.
குறுக்கும் நெடுக்கும் கீறிய சொரசொரப்பின் நடுவே
ஒரு முக்கோணம், அதற்குள் மூன்று எழுத்து: விஸ்.
திருகாணித் துளை ஒன்றின் விளிம்பு தெறித்திருக்கிறது.

தொண்ணூற்றேழில் சீனன்குடாவுக்குக் கோதுமை கொண்டுவந்த கப்பலில்
இயந்திர அறைக்காரன், போலந்து,
பெயரில் உயிரெழுத்தே கிடையாது,
ஒரு சாக்கு நண்டுக்கும் அரைப் போத்தல் சாராயத்துக்கும்
இதைத் தந்துவிட்டுப் போனான்.
தகப்பனின் தோட்டத்தில் உருளைக்கிழங்கோடு கிளம்பியதாம்.
மிச்சம்? என்றேன்.
கப்பல் தளத்தைக் காட்டினான், அது மண் என்பதுபோல.

மிச்சத்தைத் தாளில் சேர்க்கிறேன். எட்டுக் கொப்பி.
மா ஆலைக் களஞ்சியத்தில் இருந்தவரை
அவற்றின் அட்டையில் ‘பெல்ட், பெயரிங் கணக்கு’ என்று இருந்தது.
மருமகன் கனடாவிலிருந்து ஏலப் புத்தகங்கள் அனுப்புவான்;
விலையைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு படத்தைப் பார்ப்பேன்.

ராதோம் என்ற ஊர்.
முப்பத்தேழு, முப்பத்தெட்டு: மேலே ஓடும் சறுக்கியில்
ஆண்டும், முடி தரித்த கழுகும்.
அந்த நீலம்
எங்கள் உள்துறைமுகம் விடியுமுன் ஒரு பத்து நிமிடம் வைத்திருக்கும் நீலம்.
பிறகு நாட்டைப் பிடித்தவர்கள் ஆலையையும் பிடித்தார்கள்.
கழுகு போயிற்று, துப்பாக்கி தொடர்ந்தது.
அரம் இழுத்த கீறல், அவசரக் கறுப்பு,
கடைசியில் பிடிக்கு வெறும் மரம்.
குழலை மட்டும் அந்த ஊரில் செய்ய விடவில்லை.
ஏனென்று எனக்கு விளக்க வேண்டியதில்லை,
மூதூருக்குப் பற்றரி கொண்டுபோக விடாத துறையடியில் நின்றவன் நான்.
ஆனாலும் தொழிலாளர் பாகம் பாகமாய் வெளியே கொண்டுபோனார்கள்.
அகப்பட்டவர்களை ஊர் பார்க்கத் தூக்கினார்கள்.
அந்தப் பக்கத்தை இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன்.

இரண்டாயிரத்தாறு சுற்றிவளைப்பில்
பொத்தான் டப்பாவைக் கொட்டிய பொடியன் ஆமிக்காரன்
தகட்டைத் தூக்கி, இது என்ன என்றான்.
ரேடியோ மூடி.
நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.
எழுத்து மேலே தெரியும்படிதான் திருப்பி வைத்தான்.
அதை ஏன் இன்னும் நினைக்கிறேன் தெரியவில்லை.

யோகமலர் ஒருமுறைதான் கேட்டாள்,
இறால் உரித்தபடி, தலை நிமிராமல்:
உங்கட தம்பியைச் சுட்டதும் பிஸ்டல்தானே?

ஓம்.
உவர்மலை இறக்கத்தில், சைக்கிளோடு.
வெற்றுக் கோது ஒன்று கிடந்தது,
யாரோ எடுத்துப் போனார்கள்.

சொன்னேன்:
அந்தச் சறுக்கியில் சின்ன நெம்பு ஒன்று உண்டு.
பார்க்கப் பூட்டு மாதிரி. பூட்டு இல்லை.
பெருவிரலால் அமர்த்தினால்
இழுத்து நிற்கும் சுத்தியல் சுடாமல் இறங்கும்.
குதிரைப்படைக்காக வைத்தது,
ஒரு கை கடிவாளத்தில் இருக்குமே.
எவரோ மேசையில் குனிந்திருந்து
சுடாமல் விடுகிற கணத்துக்கென்று
ஒரு துண்டு எஃகை வரைந்திருக்கிறார்.
எட்டுக் கொப்பியும் அதற்காகத்தான்.

அவள் இறாலை மூன்று தண்ணீரில் கழுவினாள்.
‘உவர்மலையில் நின்றவனுக்கும் பெருவிரல் இருந்தது.’

மீன் சந்தைக்குப் போனவன்
ஒன்பதாவது கொப்பி வாங்கிக்கொண்டு வந்தேன்.
மற்ற எட்டிலும் எழுதிய அதே ஒழுங்கில்:

குகதாசன்.
எண்பத்தொன்பது, ஆவணி.
செய்த ஊர் தெரியாது.
தொடர் இலக்கம் தெரியாது.
மெருகு தெரியாது.
நெம்பு