இரண்டாம் கயிறு

மேலே கப்பி இறுகிவிட்டது.
பாய் பாதியில் நின்றது,
ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்று.
எண்பத்திரண்டு, மாசி. தூத்துக்குடிப் பழைய துறை.
ஆரோக்கிய நாயகியின் பின்பலகையில்
திருநெல்வேலி ஜில்லா என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும்,
'ல்' மேலிருந்த புள்ளியை உப்பு தின்றுவிட்டது.
கொழும்புக்கு வெங்காயம், முந்நூறு மூட்டை.
அடித்தட்டில் அதற்குள் முளைவிடும் வாடை.

யாராவது ஏறணும் என்றார் தண்டல்.
கயித்தான் சட்டையைக் கழற்றினான்.

அவனும் நானும் பேசிப் பதினோரு மாதம்.
அவன் தங்கை என் அண்ணன் வீட்டிலிருந்து
ஒரு டிரங்குப் பெட்டியோடு இறங்கிப்போன நாளிலிருந்து.
பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதுதான்
பாளையங்கோட்டைக் கோர்ட்டில் நடக்கிற வழக்கு.

உச்சியில் வேறு இரண்டு கப்பிகள் நல்லபடியாக இருந்தன.
ஒன்றின் வழியே முதல் கயிறு:
அவன் உட்காரும் பலகையைத் தூக்கும்,
நாலு பேர் இழுப்பார்கள்.
மற்றதன் வழியே இரண்டாம் கயிறு:
அவன் அக்குளுக்குக் கீழே தொடங்கி
ஒரே ஒருவன் கையில் முடியும்.
அது தூக்காது.
தொய்யாமல், இழுக்காமல்
கூடவே போகும், அவ்வளவுதான்.
'அதை அவன் பிடிக்கட்டும்'
என்றான் கயித்தான், தண்டலைப் பார்த்து.

முழங்கால் உயரத்தில் தொங்கி
மூன்று முறை உடம்பை உலுக்கிப் பார்த்தான்.
முழங்கால் உயரத்தில் அறுகிற கயிறு
நல்ல கயிறு.
இது அறவில்லை.
சுத்தியல், உளி, எண்ணெய்க் குப்பி
ஒவ்வொன்றும் இடுப்பில் தனி நூலில்.
மரத்தடியில் வாய்பிளந்து நின்ற சமையல் பையனை
'மண்டையில விழுந்தா எவம்லே பதில் சொல்லுவான்' என்று
தண்டல் விரட்டினார்.

தூக்க, ஆவீசு.
இறக்க, ஆரியா.
எந்தத் தேசத்துக்காரன் துறையில் விட்டுப்போன சொற்களோ.
பதினோரு மாதத்துக்குப் பின்
அவன் வாயிலிருந்து என் காதுக்கு வந்த முதல் சொல்
ஆவீசு.

பிறகு உள்ளங்கால்கள்தான்.
இடது காலில் திருக்கை முள் கிழித்த தழும்பு,
அதுவும் சிறிதாகி
பருமலைத் தாண்டியபோது காணாமல்போனது.
மரத்தின் மேல் உளி தட்டும் சத்தம்,
கை ஓங்கியதைக் கண்டு ஒரு நொடி கழித்துக் கேட்டது.
கப்பிக்குள் காக்கை செருகிய கட்டுக்கம்பியாம்.
'பறவைக்கு வேற இடமில்ல பாரு'
என்று யாரிடமோ சொன்னான்.

அப்போது உப்பு வத்தையை இழுத்துக்கொண்டு ஒரு லாஞ்சு,
வேகம் குறைக்காமல்.
தளத்தில் எங்களுக்கு ஒரு சாண் ஆட்டம்.
உச்சியில் அது இரண்டு ஆள் நீளம்.
பலகை மரத்தில் மோதிக் கவிழ்ந்தது,
ஆளில்லாமல் தனியே ஆடியது.

என் குதிகால் தளக் கட்டையில் முட்டியிருந்தது.
ஒன்றும் நினைக்கவில்லை என்றால் பொய்.
நினைத்தேன் என்றாலும் பொய்.
ஒரு மனிதன் முழுசாகக் கைக்குள் இறங்கினான்.
தோல் போன இடத்தில் கயிறு ஈரமானது.
மேலே அவன் கத்தவில்லை.
கால்களால் மரத்தைத் தேடினான்,
பிடித்தான், பலகையை இழுத்து அடியில் வைத்தான்,
எண்ணெய் விட்டான்.
ஆமாம், மறக்காமல் எண்ணெய் விட்டான்.

ஆரியா.

அந்த வழிதான் நீளம்.
கால் பட்டதும் முடிச்சை அவனே அவிழ்த்தான்.
நான் தண்டலிடம் கேட்பதுபோல் கேட்டேன்,
ஏன் என்னை?
அவன் தண்டலிடம் சொல்வதுபோல் சொன்னான்:
'கூட்டாளின்னா கத பேசிக்கிட்டே பிடிப்பான்.
இவன் கண்ண எடுக்க மாட்டான்.'

பாய் சத்தமில்லாமல் ஏறியது.
வழக்கு வருகிற பதினெட்டாம் தேதி.
இவரைத் தெரியுமா என்று வக்கீல் கேட்பார்.
எடை தெரியும் என்று சொல்ல
சட்டத்தில் இடமிருக்கிறதா தெரியவில்லை.
பெட்டியில் பதினாறு பவுன் இருந்தது என்றே சொல்வேன்.
சமையல் பையன் உள்ளங்கைக்கு
எண்ணெய் கொண்டுவந்தான். அதே குப்பி.