இரண்டு நொடி

குத்தாயிசியில் மழை. மருந்துக்கடையில் எனக்கு ராத்திரி முறை.
ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு வந்த பாத்ரி
சில்லறையோடு ஒரு பென் டிரைவையும் மேசையில் வைத்தான்.
திபிலிசி வரைக்கும் நாலு மணி நேரம், லமாரா,
பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இடைவெளியே கூடாது.
இரண்டு நொடி போதும் இவர்களுக்கு,
முன் சீட்டில் எவனாவது தேர்தலைத் தொடங்கிவிடுகிறான்,
மலை ஏறி முடிப்பதற்குள் கைகலப்பு.

இருமல் மருந்துகளுக்குப் பின்னால் என் மடிக்கணினி.
திரையில் பாட்டு பாட்டாக இல்லை,
பச்சை நிறத்தில் ஒரு மீன்முள்.
பெரிதாக்கு, இன்னும், இன்னும்,
முள் கரைந்து ஒற்றைக் கோடாகி நெளியும்.
அது நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளியில் வெட்ட வேண்டும்.
மயிரிழை தவறினால்
டிக்.
சோற்றில் கல்.

தொண்ணூற்றாறு துடிப்பில் நடக்கிற அக்கார்டியனை
நூற்றியிரண்டில் ஓடுகிற டிரம்மோடு
கைகோத்துவிட வேண்டும், இரண்டுக்கும் தெரியாமல்.
எட்டு நொடி. இது இறங்க இறங்க அது ஏறும்.
நடுவில் இரண்டும் சோர்ந்து ஒரு பள்ளம் விழும்;
சரிவுக்கோட்டை வில்லாக வளைத்தால் பள்ளம் தூர்ந்துவிடும்.
ஒரு பாடகி, பாடுவதற்கு முன் மூச்சிழுக்கிறாள்.
அதையும் தூர்த்தேன்.
மன்னித்துக்கொள் பெண்ணே, பாத்ரியின் உத்தரவு.
இடையில் மூன்று பேர் வந்து போனார்கள்,
ஒருவருக்குக் காய்ச்சல், இரண்டு பேருக்கு வெட்கம்.

பதினோரு இரவு. அறுபத்திரண்டு பாட்டு. ஒரே ஆறு.

மூன்று வாரம் கழித்து வந்தான். மாத்திரை கேட்கவில்லை.
யாரும் சண்டை போடவில்லை, லமாரா.
யாரும் எதுவுமே பேசவில்லை.
நேற்று ஸெஸ்தஃபோனியில் ஏறிய ஒருத்தி
ரிகோத்தி சுரங்கம் தாண்டியும் அழுதுகொண்டே வந்தாள்.
பதினேழு பேர் இருந்தோம்.
என்னம்மா என்று கேட்க ஒரு சந்து
கிடைக்கவில்லை ஒருவருக்கும்.
எனக்கும்தான்.

ஒன்று வை. சுரங்கத்துக்கு அப்புறம்.

சுலபம் என்று நினைத்தேன்.
மென்பொருளிடம் மௌனம் கேட்டால்
செத்தவன் நாடிபோல் ஒரு நேர்க்கோட்டைத் தருகிறது.
அதைப் போட்டால் எல்லாரும் ஸ்பீக்கரைத்தான் பார்ப்பார்கள்,
பக்கத்தில் இருப்பவளை அல்ல.
உன் வண்டியையே பதிவு செய்து கொண்டுவா என்றேன்.

கொண்டுவந்தான், போனில், ஒரு நிறுத்தத்தில் எடுத்தது.
எஞ்சினின் முனகல். வைப்பர்.
யாரோ ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்கிற சரசரப்பு.
பிறகு ஒரு கிழட்டுக் குரல், யாரிடமோ,
குளிருதா, ஜன்னலை மூடட்டுமா?

அதை நீக்கத் தெரியும் எனக்கு.
இரண்டு பக்கமும் வெட்டுப் புள்ளிகூடக் கண்டுபிடித்துவிட்டேன்.

கையை எடுத்தேன்.
இரண்டு நொடி கேட்டவனுக்கு இருபது வைத்தேன்,
முடிகிற இடத்தில் அந்தப் பாடகியின் மூச்சையும்.
தேர்தல் வந்தால் வரட்டும்.