பதினாறு நொடி

டாங் வாங்கியில் கதவு மூடும்போது
நானும் மூச்சை மூடிக்கொள்கிறேன்.
ரயில் சுரங்கத்துக்குள் நழுவுகிறது.
எதிர் இருக்கைப் பையன் கைப்பேசியில் மிட்டாய் உடைக்கிறான்.
தாப்பாவ் பொட்டலத்தை மடியில் அணைத்தபடி
ஒரு பெண் தூங்குகிறார்.
கோலாலம்பூருக்கு அடியில், இந்தப் பெட்டியில்,
ஒருத்தி அலைக்குக் கீழே கிடப்பது
யாருக்கும் தெரியாது.

அறுபதாவது நொடிவாக்கில் உதரவிதானம் உதைக்கும்.
உதைத்த பிறகும் நெஞ்சில் பாதிக் காற்று மிச்சம்.
தெரியும்.
தலைகீழாய்ச் சுழலும்போது
தெரிந்தது ஞாபகம் வரவேண்டுமே.

வெள்ளி இரவு மேடான், அங்கிருந்து நியாஸ்.
ஒன்பதாம் மாடி அலுவலகத்தில்
வாகன விபத்துக் கோப்புகளுக்கு நடுவே
வானிலை வரைபடத்தைத் திறந்து திறந்து மூடுகிறேன்.
உலகத்தின் அடிவயிற்றில் எங்கோ ஒரு புயல்,
திரையில் வெற்றிலை எச்சிலாய்ச் சிவந்து.
அது கிளப்பிய அலைகள்
எனக்கு முன்பே புறப்பட்டுவிட்டன.
எட்டடி உயரம். பதினாறு நொடி இடைவெளி.
"இவ்வளவு ஏசியில் ஏன் வியர்க்குது, பெரிய கிளைமா?"
என்றாள் பக்கத்து மேசை ஹுய் மின்.
பெரியதுதான் என்றேன்.

தலைக்கு மேல் போனால் ஜாண் என்ன முழம் என்ன என்பார்கள்.
சொன்னவர் பலகையோடு பார் மேல் மிதந்திருக்க மாட்டார்.
அங்கே தண்ணீருக்கும் பாறைக்கும் நடுவில்
இருப்பதே ஜாணும் முழமும்தான்.
போன ஆகஸ்டில் ஒரு ஜாண் கணக்குத் தப்பி
வலது தோளிலிருந்து இடுப்பு வரை
பவளம் கையெழுத்துப் போட்டது.
தெலுக் டாலாமில் ஒரு தாதி
பல் பிரஷ்ஷும் எலுமிச்சையுமாய் அதைத் தேய்த்துப் பார்த்தார்.
முழுதாய் அழியவில்லை.
தையல்காரியிடம் ரவிக்கை முதுகை ஏற்றித் தைக்கச் சொல்கிறேன்,
காரணம் சொல்வதில்லை.

விழுவதை நினைக்காதே என்கிறான் கூட வரும் சுதேசன்.
நினைக்காமல்?
தாடை நெஞ்சோடு. கைகள் தலையைச் சுற்றி.
உடம்பு தோசையாய்த் தட்டையாக.
காலை மட்டும் ஊன்றாதே, காலை மட்டும்.
பல் துலக்கும்போதும் இதுதான் ஓடுகிறது.

செந்தூல் அடுக்ககத்துக் குளம் ஒன்றேகால் மீட்டர்.
குதிக்காதீர் என்று நான்கு மொழியில் எழுதியிருக்கும்.
செவ்வாய் இரவு பதினொன்றுக்கு
டம்பெல்லைக் கட்டிக்கொண்டு அடியில் படுத்திருந்தேன்.
எழுபது. எழுபத்தொன்று.
மேலே விளக்கு உடைந்து சிதறியது.
காவலர் டேக் ராஜ், பூட்ஸோடு, வாக்கி டாக்கியோடு,
என் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.
திட்டி முடித்து, இருமி முடித்து,
விளிம்பில் உட்கார்ந்து பூட்ஸைக் கவிழ்த்தார்.
நீச்சல் தெரியாதாம்.
ஆழம் எவ்வளவு என்று பார்க்கவில்லையா என்றேன்.
உன்னைத்தான் பார்த்தேன் என்றார்
உடைந்த மலாயில், இன்னும் கோபமாக.
வாக்கி டாக்கிக்கு நூற்றெண்பது ரிங்கிட் கொடுத்தேன்.
தனியாக இனி இறங்குவதில்லை என்று
வாக்கும் கொடுத்தேன்.

பார் என்றால் கடலடிப் பாறை,
முத்துக் குளித்தவர்கள் புழங்கிய சொல்.
பார் என்றால் உலகம்.
பார் என்றால் பார்.
அன்றைக்கு அலை என்னைத் தூக்கிய கணம்
நான் கீழே பார்த்தேன்.
கண்ணாடித் தண்ணீரில் முள் முள்ளாய்த் தெரிந்தது.
கண் போன இடத்துக்கே பலகையும் போயிற்று.

இதோ உதை.
பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து யாரோ தட்டுவது போல.
தட்டட்டும்.
ஜன்னலில் என் முகம், அதன் பின்னே ஓடும் இருட்டு.
அந்த இருட்டின் கோடியில்
வளைவு முடிந்து வெளிச்சம் திறக்கும் இடம் எதுவோ
அதில் கண்ணை வைக்கிறேன்.
இரண்டாவது உதை.
ஒலிபெருக்கிப் பெண்
தினமும் போல, தூக்கம் கலையாத குரலில்
நிலையத்தின் பெயரைச் சொல்கிறாள்.
கம்போங் பாரு.
பாரு.

மிட்டாய்ப் பையன் இறங்குகிறான்.
இன்னும் ஒரு ஜாண் காற்று இருக்கிறது.